சிறுநீரகப் பராமரிப்புச் செவிலியலில் ஆய்வு நல்கை விண்ணப்பங்களை மதிப்பிடுதல்: அளவுகோல்களும் நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானோரைப் பராமரிக்கும் செவிலியர் முன்வைக்கும் ஆய்வு நல்கை விண்ணப்பங்களை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் பின்பற்றும் மதிப்பீட்டு முறை இதற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. வினாவின் தகுதி, ஆய்வு வடிவத்தின் உறுதி, நோயாளி ஏற்கும் சுமை, ஆய்வாளரின் தகுதி, மதிப்பெண்ணின் எல்லை ஆகிய ஐந்து கூறுகள் ஆராயப்படுகின்றன. பொதுவான அளவுகோல்கள் தேவையானவை; ஆயினும் அவற்றை டயாலிசிஸ் அறையின் அன்றாட நடைமுறையோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் மதிப்பீடு நம்பத்தக்கதாகிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சிறுநீரகச் செவிலியல், டயாலிசிஸ், ஆய்வு நல்கை, சக அறிஞர் மதிப்பீடு, தொகுப்புச் சமவாய்ப்பு ஆய்வு.

முன்னுரை

சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்த நிலையில் மாற்றுச் சிறுநீரகம் பெறாதோர் பெரும்பாலும் டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பைச் சார்ந்தே வாழ்கின்றனர். அமெரிக்காவில் மையங்களுக்குச் சென்று இச்சிகிச்சை பெறுவோர் பொதுவாக வாரத்திற்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 3 முதல் 4 மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றனர். மருத்துவர் வந்து பார்த்துச் செல்லும் நேரம் சிறிது. ஊசி செலுத்துவது முதல் இரத்த அழுத்தத்தைக் கண்காணிப்பது வரை அந்த மணி நேரங்கள் முழுவதும் உடனிருப்போர் செவிலியரும் தொழில்நுட்பப் பணியாளருமே. ஆகவே, ஊசி வலியைக் குறைப்பது எவ்வாறு, நீர் அருந்தும் அளவைக் கட்டுப்படுத்த நோயாளிக்கு எவ்வாறு துணைநிற்பது, சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பை எவ்வாறு எதிர்கொள்வது போன்ற வினாக்கள் செவிலியரிடமிருந்தே இயல்பாக எழுகின்றன.

அத்தகைய வினா ஆய்வாக மலர நிதி தேவை. நிதியோ வரம்புடையது. எனவே, எந்த விண்ணப்பத்திற்கு நல்கை வழங்குவது என்னும் முடிவு, எந்த வினா விடை பெறும், எந்த வினா விடையின்றி நிற்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. தவறான விண்ணப்பம் தேர்ந்தெடுக்கப்பட்டால் வீணாவது பணம் மட்டுமன்று; நோயுற்றோர் பலர் தம் உடலையும் நேரத்தையும் பயனில்லாத ஆய்வொன்றுக்கு வழங்கியவர்களாகின்றனர். இதனால் மதிப்பீட்டாளரின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

1. நல்கை வழங்கும் அமைப்புகளும் மதிப்பீட்டு நிலைகளும்

அமெரிக்காவில் சிறுநீரகச் செவிலியர்க்கான தொழில்முறை அமைப்பு 1969இல் தோன்றியது. தொடக்கத்தில் செவிலியரையும் தொழில்நுட்பப் பணியாளரையும் ஒருங்கே உள்ளடக்கியிருந்த அவ்வமைப்பு, 1984 முதல் அமெரிக்கச் சிறுநீரகச் செவிலியர் சங்கம் என்னும் பெயரைத் தாங்கி வருகிறது. இச்சங்கம் தன் துறை சார்ந்த ஆய்வுகளுக்கு நல்கை வழங்கியுள்ளது. அரசு நிலையில் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் கீழ் 1986இல் செவிலியல் ஆய்வுக்கெனத் தேசிய மையம் ஒன்று உருவாக்கப்பட்டது. 1993இல் அது தேசியச் செவிலியல் ஆய்வு நிறுவனமாக உயர்த்தப்பட்டது. செவிலியல், மருத்துவத்தின் துணைப்பணி என்னும் நிலையிலிருந்து தனக்கென ஆய்வு வினாக்களைக் கொண்ட அறிவுத்துறை என்னும் நிலைக்கு வந்ததன் நிறுவனச் சான்றாக இவ்வுயர்வைக் கொள்ளலாம்.

தேசிய நலவாழ்வு நிறுவனங்களில் விண்ணப்பம் இரு நிலைகளில் ஆராயப்படுகிறது. முதல் நிலையில் துறை அறிஞர்கள் அடங்கிய குழு அறிவியல் தகுதியை மட்டும் பார்க்கிறது. இரண்டாம் நிலையில் அந்தந்த நிறுவனத்தின் ஆலோசனை அவை, நிறுவனத்தின் முன்னுரிமைகளையும் கருத்தில்கொண்டு பரிந்துரை செய்கிறது. முதல் நிலையில் பொதுவாக மூவர் விண்ணப்பத்தை முழுமையாகப் படித்து முன்மதிப்பெண் இடுகின்றனர். மதிப்பெண் 1 முதல் 9 வரை அமைகிறது. 1 என்பது மிகச் சிறந்தது, 9 என்பது மிக நலிந்தது. முன்மதிப்பெண்ணில் பின்தங்கிய விண்ணப்பங்கள் குழுக் கூட்டத்தில் விவாதிக்கப்படுவதில்லை. விவாதிக்கப்படுபவற்றுக்கு உறுப்பினர் அனைவரும் ஒட்டுமொத்த மதிப்பெண் இட, அதன் சராசரி 10ஆல் பெருக்கப்பட்டு 10 முதல் 90 வரையிலான இறுதி எண் கிடைக்கிறது.

நெடுங்காலம் இம்முறையில் முக்கியத்துவம், ஆய்வாளர், புதுமை, அணுகுமுறை, சூழல் ஆகிய ஐந்து அளவுகோல்களுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடப்பட்டது. 2025 சனவரி 25ஆம் நாளிலிருந்து பெறப்படும் பெரும்பாலான ஆய்வுத்திட்ட விண்ணப்பங்களுக்கு இவை மூன்று காரணிகளாகத் தொகுக்கப்பட்டன: ஆய்வின் முக்கியத்துவம், உறுதிப்பாடும் செயற்பாட்டு வாய்ப்பும், ஆய்வாளரின் திறனும் வளங்களும். முதலிரண்டுக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. மூன்றாவது காரணி போதுமானதா, குறை உள்ளதா என்று மட்டும் குறிக்கப்படுகிறது. இம்மாற்றத்தின் பொருள் ஐந்தாம் பகுதியில் விளக்கப்படும்.

2. வினாவின் தகுதி

விளக்கத்தின் பொருட்டு விண்ணப்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். டயாலிசிஸ் நோயாளிகள் நீர் அருந்தும் அளவைக் கட்டுப்படுத்தச் செவிலியர் நடத்தும் கல்வித்திட்டம் பயன் தருமா என்பது அதன் வினா. 20 மையங்களில் 400 நோயாளிகள் பங்கேற்பர். இரு டயாலிசிஸ் அமர்வுகளுக்கு இடையே கூடும் உடல் எடையே முதன்மை விளைவாக அளக்கப்படும்.

மதிப்பீட்டாளர் முதலில் கேட்க வேண்டியது, இவ்விளைவு நோயாளிக்கு எந்த வகையில் பொருளுடையது என்பதே. எடைக்கூடுதல் எளிதில் அளக்கத்தக்கது. அளவுக்கு மிஞ்சினால் இதயத்திற்குச் சுமை என்பதும் அறியப்பட்டதே. எனினும் அது இடைநிலைக் குறியீடு மட்டுமே. டயாலிசிஸ் ஆய்வுகளில் எவ்விளைவுகள் கட்டாயம் அளக்கப்பட வேண்டும் என்பதை நோயாளிகள், பராமரிப்போர், மருத்துவப் பணியாளர் ஆகியோரிடம் கேட்டறிந்த சாங்-எச்.டி. என்னும் பன்னாட்டு முயற்சி, நான்கு மைய விளைவுகளை வரையறுத்தது. அவை களைப்பு, இதயக்குழலிய நோய், குருதிக்குழாய் அணுகல், இறப்பு என்பன. இவற்றுள் களைப்பு இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. ஆய்வகச் சோதனையில் தோன்றாத, நோயாளியின் சொல்லால் மட்டுமே அறியத்தக்க ஒன்று இறப்புக்கு இணையாக வைக்கப்பட்டுள்ளது. எனவே, மேற்கூறிய கற்பனை விண்ணப்பம் எடையோடு களைப்பையும் அளக்குமாயின் அதன் முக்கியத்துவம் கூடும்; எடையை மட்டும் அளக்குமாயின் அதற்கான காரணத்தை அது நிறுவ வேண்டும்.

முக்கியத்துவத்தை மதிப்பிடும்போது நிகழும் பிழை மற்றொன்றும் உண்டு. ஒரு நடைமுறை பரவலாக ஏற்கப்பட்டுவிட்டதாலேயே அதனை ஆராயத் தேவையில்லை என்று கருதுவது அப்பிழை. பிஸ்டுலா எனப்படும் தமனி-சிரை இணைப்பில் ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் ஊசி செலுத்தும் முறை 1970களில் போலந்தில் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் பொத்தான் துளை என்று பெயர் பெற்ற இம்முறை வலியைக் குறைக்கும் என்னும் நம்பிக்கை செவிலியரிடையே பரவியது. கனடாவில் 140 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான சமவாய்ப்பு ஆய்வு, வழக்கமான முறையோடு ஒப்பிடுகையில் வலியில் வேறுபாடு இல்லை என்று கண்டது. குருதிக்கட்டு குறைந்தது உண்மையே. ஆனால் ஊசி செலுத்திய இடத்தில் தொற்றுக்கான அறிகுறிகள் மிகுந்தன. நன்கு தெரிந்த செய்தி என்று கூறி இத்தகைய விண்ணப்பத்தை மதிப்பீட்டுக் குழு ஒதுக்கியிருப்பின், நோயாளிக்குத் தீங்கு தரக்கூடிய நம்பிக்கை ஒன்று சோதிக்கப்படாமலேயே தொடர்ந்திருக்கும். புதுமை என்பது புதிய கருவியை மட்டும் குறிப்பதன்று. பழகிப்போன நடைமுறையை முதன்முறையாக முறையாகச் சோதிப்பதும் புதுமையே.

3. ஆய்வு வடிவத்தின் உறுதி

டயாலிசிஸ் மையத்தின் நடைமுறை, ஆய்வு வடிவத்தின் மீது தன் கட்டுப்பாடுகளைச் சுமத்துகிறது. பொதுப் புள்ளியியல் அறிவு மட்டும் உடையவர் கவனிக்கத் தவறும் இடங்கள் இங்கேதான் உள்ளன.

முதலாவது, ஒதுக்கீட்டின் அலகு. ஒரே மையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் வாரந்தோறும் அமர்வோர் தமக்குள் பேசிக்கொள்வர். ஒருவருக்குக் கற்பிக்கப்பட்டது மற்றவருக்கும் சென்று சேரும். ஆகவே தனிநபர் அடிப்படையிலான ஒதுக்கீடு கல்வித்திட்ட ஆய்வுக்குப் பொருந்தாது. இதனைத் தவிர்க்கத் திங்கள்-புதன்-வெள்ளி அணியை ஒரு பிரிவாகவும் செவ்வாய்-வியாழன்-சனி அணியை மற்றொரு பிரிவாகவும் பிரிப்பதாகச் சில விண்ணப்பங்கள் கூறலாம். ஆனால் இரு அணிகளுக்கும் அதே செவிலியரே பணியாற்றுவாராயின் கலப்பு தொடரும். காலை அணி, மாலை அணி என்று பிரித்தாலோ, பகலில் வேலைக்குச் செல்லும் இளையோர் மாலை அணியில் மிகுந்திருக்கக்கூடும். எனவே முழு மையத்தையே அலகாகக் கொள்ளும் தொகுப்புச் சமவாய்ப்பு ஒதுக்கீடே பெரும்பாலும் ஏற்றது.

இரண்டாவது, மாதிரி அளவு. ஒரே மையத்து நோயாளிகள் ஒரே பணியாளரையும் ஒரே பழக்கங்களையும் பகிர்வதால் அவர்தம் விளைவுகள் ஓரளவு ஒத்திருக்கும். இவ்வொப்புமையைக் குறிக்கும் கெழு 0.05 என்று கொள்வோம். ஒரு மையத்திற்கு 20 பேர் எனில், மையத்து நோயாளர் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து அக்கெழுவால் பெருக்கி 1ஐக் கூட்டக் கிடைப்பது 1.95. இதுவே வடிவமைப்பு விளைவு. கற்பனை விண்ணப்பத்தின் 400 நோயாளிகளை இதனால் வகுத்தால், அவர்கள் தரும் தகவல் ஏறத்தாழ 205 தனித்த நோயாளிகள் தருவதற்கே இணையாகிறது. ஒவ்வொரு மையத்திலும் 40 பேரைச் சேர்த்து மொத்தத்தை 800 ஆக்கினாலும் பயனுறு எண்ணிக்கை ஏறத்தாழ 271 மட்டுமே. மாறாக, 20 பேர் வீதம் 40 மையங்களைச் சேர்த்தால் அதே 800 பேர் ஏறத்தாழ 410க்கு இணையாகின்றனர். நோயாளிகளைப் பெருக்குவதைவிட மையங்களைப் பெருக்குவதே பயன் தரும் என்பதை விண்ணப்பதாரர் அறிந்துள்ளாரா என்பதை இக்கணக்கு காட்டிவிடும்.

மூன்றாவது, அளக்கும் நாள். வாரத்திற்கு 3 முறை டயாலிசிஸ் பெறுவோர்க்கு ஒரு இடைவெளி மட்டும் மற்றவற்றினும் ஒரு நாள் நீண்டதாக அமையும். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 32,065 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, நீண்ட இடைவெளியை அடுத்து வரும் நாளில் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் மிகுதி என்று காட்டியது. எடைக்கூடுதலும் அந்நாளில் மிகும். ஆகவே ஒரு பிரிவில் நீண்ட இடைவெளிக்குப் பின்னும் மற்றொரு பிரிவில் குறுகிய இடைவெளிக்குப் பின்னும் அளந்தால், கல்வித்திட்டத்தின் பயனாகத் தோன்றுவது நாட்காட்டியின் விளைவாக இருக்கும். அளக்கும் நாளை வரையறுக்காத விண்ணப்பம், டயாலிசிஸ் அறையை நேரில் அறியாதவரால் எழுதப்பட்டதோ என்னும் ஐயத்தை எழுப்பும்.

நான்காவது, இடையில் விலகுவோர். மாற்றுச் சிறுநீரகம் பெறுதல், இறப்பு, மருத்துவமனைச் சேர்க்கை, வேறு மையத்திற்கு மாறுதல் ஆகியவை இத்துறையில் விதிவிலக்குகள் அல்ல; எதிர்பார்க்கத்தக்கவை. விலகியோரை எவ்வாறு கணக்கில் கொள்வது என்பதை விண்ணப்பம் முன்கூட்டியே கூற வேண்டும்.

ஐந்தாவது, திட்டமிட்ட மாற்றம் உண்மையில் நிகழுமா என்பது. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் நிதியுதவியோடு நடந்து 2019இல் முடிவு வெளியான டைம் ஆய்வு இதற்குத் தக்க சான்று. டயாலிசிஸ் அமர்வைக் குறைந்தது 4.25 மணி நேரமாக நீட்டித்தால் உயிர்வாழ்வு மேம்படுமா என்பது அதன் வினா. 266 மையங்களும் 7,035 நோயாளிகளும் பங்கேற்றனர். ஆயினும் நீட்டிக்கப்பட்ட பிரிவில் சராசரி நேரம் 216 நிமிடம், வழக்கமான பிரிவில் 207 நிமிடம் என்ற அளவிலேயே வேறுபாடு நின்றது. இரு பிரிவுகளுக்கும் இடையே போதிய வேறுபாடு இல்லாமையால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. வினா சிறந்தது, மாதிரியும் பெரியது, ஆனால் நடைமுறை மாறவில்லை. கற்பனை விண்ணப்பத்திலும் இதே வினா எழுகிறது. கல்வித்திட்டத்தை நடத்தச் செவிலியர்க்கு நேரம் எங்கிருந்து கிடைக்கும்? நோயாளிகளை இயந்திரத்தோடு இணைக்கும் நேரமும் விடுவிக்கும் நேரமும் பணிநெருக்கடி மிக்கவை. தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் முறையில் செலவுத்திட்டம் மதிப்பெண்ணில் சேர்வதில்லை. ஆனாலும் அதில் செவிலியரின் மாற்றுப்பணி நேரத்திற்கு இடம் ஒதுக்கப்படாதிருப்பின், அது செயற்பாட்டு வாய்ப்பைப் பற்றிய குறையாகக் கருதப்பட வேண்டும்.

4. நோயாளி ஏற்கும் சுமை

டயாலிசிஸ் நோயாளி ஆய்வாளர்க்கு எளிதில் கிடைப்பவர். வாரந்தோறும் வருகிறார், பல மணி நேரம் ஓரிடத்தில் இருக்கிறார். இவ்வெளிமையே அறநெறிச் சிக்கலுக்கும் தோற்றுவாய். தம் உயிர் யாருடைய கையில் உள்ளதோ அதே செவிலியர் ஆய்வில் பங்கேற்குமாறு கேட்கும்போது, மறுக்கும் உரிமை தாளில் மட்டுமே நிற்கக்கூடும். எனவே ஒப்புதல் பெறுபவர் அந்நோயாளியின் அன்றாடப் பராமரிப்பில் ஈடுபடாதவராக இருப்பது நன்று. இரத்த அழுத்தம் தாழ்ந்து சோர்வுற்ற வேளையில் பெறப்பட்ட ஒப்புதல் உண்மையான ஒப்புதலாகாது. எனவே அது எப்போது பெறப்படும் என்பதையும் விண்ணப்பம் கூற வேண்டும்.

களைப்பை ஆராயும் ஆய்வே நீண்ட வினாநிரல்களால் களைப்பைக் கூட்டுமாயின் அது தன் நோக்கத்திற்கே முரணானது. இந்நோயாளிகளிடையே குருதிச்சோகை பரவலாகக் காணப்படுவதால், ஆய்வுக்கெனக் கூடுதலாக எடுக்கப்படும் குருதியின் அளவும் கணக்கிடப்பட வேண்டும். சுமைக்கும் பெறப்படும் அறிவுக்கும் இடையிலான விகிதமே இங்கு அளவுகோல். மாதிரி அளவு போதாத ஆய்வில் சிறு சுமையும் நியாயமற்றதாகிறது. ஏனெனில் அதனால் விடை கிடைப்பதில்லை. மூன்றாம் பகுதியில் கண்ட கணக்கு இவ்வகையில் அறநெறிக் கணக்காகவும் அமைகிறது.

5. ஆய்வாளரின் தகுதி

ஆய்வாளரின் முந்தைய வெளியீடுகளையும் அவர் பணியாற்றும் நிறுவனத்தின் பெயரையும் மதிப்பெண்ணாக மாற்றும் முறை, முன்னரே நல்கை பெற்றவர்க்கே மீண்டும் நல்கை சேரும் போக்கை வளர்க்கும். சிறுநீரகச் செவிலியலில் இதன் பாதிப்பு கூடுதல். வினாவை நன்கறிந்த செவிலியர் பெரும்பாலும் மருத்துவப் பணியில் இருப்பவர். வெளியீடுகள் குறைவாகவே இருக்கும். வெளியீடுகள் மிகுந்தவரோ டயாலிசிஸ் அறையிலிருந்து நெடுந்தொலைவு விலகியிருக்கக்கூடும்.

2025ஆம் ஆண்டு மாற்றம் இங்குதான் பொருள் பெறுகிறது. ஆய்வாளரையும் சூழலையும் தரவரிசைப்படுத்தாமல், இக்குறிப்பிட்ட ஆய்வை நடத்த இவர்களால் இயலுமா என்று மட்டும் கேட்பது நிறுவனப் பெயரின் செல்வாக்கைக் குறைக்கும் நோக்கமுடையது. இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடுதல் கூடாது என்று 2013இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ அறிக்கையும் இதே திசையில் அமைந்தது.

எனினும், தகுதியைக் கேட்காமல் விடுதல் தீர்வாகாது. கற்பனை விண்ணப்பத்தில் செவிலியர் ஒருவர் முதன்மை ஆய்வாளராக இருந்து, தொகுப்பு ஆய்வில் பயிற்சியுடைய புள்ளியியலாளரும் சிறுநீரக மருத்துவரும் இணைந்திருப்பாராயின் குழு போதுமானது. புள்ளியியலாளர் பெயரளவில் மட்டும் இடம்பெற்றிருந்தால் அது குறை. அக்குறையைச் சுட்டும்போது எத்திறன் இல்லை, அதனை எவ்வாறு நிரப்பலாம் என்று எழுதினால் விண்ணப்பதாரர் திருத்திக்கொள்ள இயலும். ‘அனுபவம் போதாது’ என்னும் ஒற்றைத்தொடர் எவருக்கும் பயன்படாது.

6. மதிப்பெண்ணின் எல்லை

மதிப்பெண் துல்லியமான அளவீடு போலத் தோன்றினும் அவ்வாறன்று. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறு அறிஞர்களைக் கொண்டு மறுமதிப்பீடு செய்து 1981இல் வெளியான ஆய்வு, எவர் மதிப்பிடுகிறார் என்னும் தற்செயலும் முடிவில் பெரும்பங்கு வகிப்பதைக் காட்டியது. 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில் 43 மதிப்பீட்டாளர்கள் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்கு வந்த 25 விண்ணப்பங்களை மதிப்பிட்டனர். ஒரே விண்ணப்பத்தைப் படித்தோரிடையே மதிப்பெண்ணில் உடன்பாடு ஏறத்தாழ இல்லை என்றே தெரியவந்தது. நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம், தன் நல்கை வகைகளுள் ஒன்றில் தகுதி வரம்பைக் கடந்த விண்ணப்பங்களிடையே குலுக்கல் முறையைக் கையாள்வதும் இவ்வெல்லையை ஒப்புக்கொண்டதன் விளைவே.

இதிலிருந்து மதிப்பீடு பயனற்றது என்னும் முடிவுக்கு வர வேண்டியதில்லை. மிக நலிந்த விண்ணப்பங்களைப் பிரித்தறிய அது உதவுகிறது. நெருங்கிய தகுதியுடைய இரண்டினுள் ஒன்றைத் தேர்வதில்தான் அதன் வலிமை குன்றுகிறது. அந்நிலையில் எண்ணைவிட எழுத்துரையே மிகுந்த மதிப்புடையது. ‘மாதிரி அளவு குறைவு’ என்று எழுதுவதைவிட, ‘மையங்களுக்குள் நிலவும் ஒப்புமை கணக்கில் கொள்ளப்படவில்லை, மையங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் இக்குறை நீங்கும்’ என்று எழுதுவது காரணத்தையும் தீர்வையும் ஒருங்கே தருகிறது. மற்ற மதிப்பீட்டாளர்களும் அக்கூற்றைச் சரிபார்க்க இயலும்.

மதிப்பீட்டாளர் காக்க வேண்டிய ஒழுங்குகளும் உண்டு. விண்ணப்பதாரரோடு கூட்டாய்வு, நிறுவனத் தொடர்பு, பொருளாதார நலன் ஆகியவற்றுள் எதுவும் இருப்பின் அதனை வெளிப்படுத்தி விலக வேண்டும். சிறுநீரகச் செவிலியல் ஆய்வாளர் வட்டம் சிறியதாதலின் இவ்விதி இங்கு கூடுதல் கவனம் வேண்டுகிறது. விண்ணப்பத்தின் கருத்துகளை மறைவாகக் காத்தலும் கடமையே. மதிப்பீட்டுரை எழுத ஆக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதைத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023இல் தடைசெய்ததற்கு, விண்ணப்பம் வெளியே கசிந்துவிடும் என்பதே காரணம்.

முடிவுரை

சிறுநீரகப் பராமரிப்புச் செவிலியலில் நல்கை மதிப்பீடு பொது அளவுகோல்களைக் கொண்டே தொடங்குகிறது; ஆனால் அவற்றோடு நிறைவுறுவதில்லை. வினா நோயாளி பொருட்படுத்தும் விளைவைத் தொடுகிறதா, ஒதுக்கீட்டின் அலகு மையத்தின் நடைமுறைக்குப் பொருந்துகிறதா, அளக்கும் நாள் வரையறுக்கப்பட்டுள்ளதா, பணிநெருக்கடிக்கிடையே திட்டம் நிறைவேறுமா, மறுக்கும் உரிமை உண்மையானதா ஆகிய வினாக்களுக்கு விடை டயாலிசிஸ் அறையை அறிந்தவராலேயே தேடப்படும். எனவே மதிப்பீட்டுக் குழுவில் புள்ளியியலாளரும் மருத்துவரும் இடம்பெறுவது போலவே, நடப்புப் பணியிலுள்ள சிறுநீரகச் செவிலியரும் இடம்பெறுதல் இன்றியமையாதது. அவ்வறிவு இல்லாத குழு, நன்கு எழுதப்பட்ட விண்ணப்பத்தையும் நன்கு திட்டமிடப்பட்ட ஆய்வையும் வேறுபடுத்தி அறிய இயலாது. அவ்வேறுபாட்டின் விலையை இறுதியில் செலுத்துவோர், இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட நிலையிலும் ஆய்வுக்கு இசைந்த நோயாளிகளே.